பெட் சென்டரில் நாலு மாதம்: மார்பு பேட்ஜில் 0.6 என்றால் விரலுக்கு எவ்வளவு?

கொங்குப்பொண்ணு எழுதியது:

நியூக்ளியர் மெடிசின் டெக்னாலஜி முடித்துவிட்டு ஒரு பெட்-சிடி (கதிரியக்க மருந்தை ஊசியாகப் போட்டு எடுக்கும் ஸ்கேன்) சென்டரில் சேர்ந்து நாலு மாதம் ஆகிறது. சென்டர் பெயர் கேட்காதீர்கள், வேலை போய்விடும். விடியற்காலையில் எஃப்டிஜி, அதாவது அந்த ஊசிக்கான கதிரியக்கச் சர்க்கரை, வந்து இறங்கும். ஹாட் லேபில் (கதிரியக்க மருந்தைக் கையாளும் அறை) டோஸ் எடுப்பது, பேஷண்டுக்கு ஊசி போடுவது எல்லாம் நானும் சீனியர் அண்ணா ஒருவரும்தான். தினம் ஏழெட்டு பேஷண்ட், ஆளுக்கு 10 மில்லிகியூரி (மருந்தின் கதிரியக்க அளவு) வாக்கில்.

சேர்ந்த அன்றே லெட் ஏப்ரன் (ஈயம் வைத்த மேலங்கி) கேட்டேன். "இங்க அது வேலைக்கு ஆகாது" என்று சிரித்தார்கள். சரி என்று விட்டுவிட்டேன். அலமாரியில் டங்ஸ்டன் சிரிஞ்ச் ஷீல்டு (சிரிஞ்சைச் சுற்றி மாட்டும் உலோக உறை) ஒன்று இருக்கிறது. அதை எடுத்தால் அண்ணா, "அது கனம், கை தடுமாறும். வெறும் சிரிஞ்ச் என்றால் பத்து செகண்டில் முடிந்துவிடும்" என்கிறார். வாங்கும் கதிர்வீச்சை அளக்க மார்பில் டிஎல்டி பேட்ஜ் குத்தியிருக்கிறேன். முதல் காலாண்டு ரிப்போர்ட்டில் 0.6 மில்லிசீவெர்ட் (உடம்பு வாங்கிய கதிர்வீச்சின் அளவு) வந்திருக்கிறது. விரலுக்கு மோதிர பேட்ஜ் யாருக்கும் கிடையாது.

அம்மா போன் செய்யும்போதெல்லாம் முடி கொட்டுகிறதா என்று கேட்கிறார். கொட்டத்தான் செய்கிறது, ஆனால் அதற்குக் காரணம் ஹாஸ்டல் போர் தண்ணீர் என்று நினைக்கிறேன். என் சந்தேகம் ஒன்றுதான். மார்பில் 0.6 என்றால், சிரிஞ்சைப் பிடிக்கிற இந்த விரலுக்கு எவ்வளவு?


ஆறுமணி_அரைஆயுள் எழுதியது:

வா தங்கச்சி. இந்த வேலையில் எனக்குப் பத்தொன்பது வருடம், பாதிக்கு மேல் காமா கேமரா (டெக்னீஷியம் என்கிற கதிரியக்கப் பொருளை வைத்து எடுக்கும் ஸ்கேன்), மீதி பெட்.

ஏப்ரன் விஷயத்தில் அவர்கள் சிரித்தது நியாயம்தான், ஆனால் காரணத்தைச் சொல்லிவிட்டுச் சிரித்திருக்கலாம். டெக்னீஷியம் விடும் காமாவின் ஆற்றல் 140 கிலோ எலக்ட்ரான் வோல்ட். அதைப் பாதியாக்கக் கால் மில்லிமீட்டருக்குச் சற்று மேல் ஈயம் இருந்தால் போதும். அரை மில்லிமீட்டர் ஏப்ரன் அங்கே நன்றாகவே தடுக்கும். பெட்டில் வருவது அதே அலகில் 511. அதைப் பாதியாக்கவே நாலைந்து மில்லிமீட்டர் ஈயம் வேண்டும். உன் ஏப்ரன் பத்தில் ஒரு பங்கைக்கூடத் தடுக்காது. மிச்சம் எல்லாம் உள்ளே வரும், தோள் வலி மட்டும் கூடுதல். கனத்தால் மெதுவாக நடப்பாய், குனிய யோசிப்பாய், பேஷண்ட் பக்கத்தில் நிற்கும் நேரம் கூடும். எல் பிளாக் இருக்கிறதே, அந்தத் தடித்த ஈயமும் ஈயக்கண்ணாடியும்தான் உனக்கு ஏப்ரன். அதன் பின்னால் நில், முகத்தை எட்டிப் பார்க்காதே.

ஷீல்டு விஷயத்தில் மட்டும் உன் சீனியர் சொல்வது தப்பு. நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் பேசினேன்.


குமரிக்காரன் எழுதியது:

பயப்பட வேண்டாம் என்று சொல்ல வந்தேன். காலாண்டுக்கு 0.6 என்றால் வருடத்துக்கு 2.4. மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் மனிதன் சும்மா இருந்தாலே வாங்கும் இயற்கைக் கதிர்வீச்சின் உலக சராசரி என்று வழக்கமாகச் சொல்வதும் அதே 2.4தான். நாங்கள் மணவாளக்குறிச்சிக் கரையில் மோனசைட் என்கிற கதிரியக்க மணலில் கபடி ஆடி வளர்ந்தவர்கள், எங்களுக்கு அதைவிடக் கூடுதல். கொஞ்சம் வடக்கே கருநாகப்பள்ளியில் இதே மாதிரி மணலில் வாழ்பவர்களை வருடக்கணக்கில் தொடர்ந்து பார்த்த ஆய்வு 2009இல் வந்தது. புற்றுநோய் கூடியதாக அதில் தெரியவில்லை. அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள்.


அளவீடு எழுதியது:

மருத்துவ இயற்பியல் என் படிப்பு, ஒரு மருத்துவமனையில் கதிரியக்கப் பாதுகாப்பு அதிகாரி வேலை. நம் ஊர் வழக்கில் ஆர்எஸ்ஓ.

குமரிக்காரன் சொன்னது உடம்பைப் பொறுத்தவரை சரி. ஏஇஆர்பி என்கிற அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் வரம்பு, ஐந்து வருட சராசரியில் வருடத்துக்கு 20 மில்லிசீவெர்ட், எந்த ஒரு வருடத்திலும் 30ஐத் தாண்டக்கூடாது. 2.4 அதற்கு எட்டாத தூரம். ஆனால் அந்தப் பெண் கேட்டது மார்பைப் பற்றி அல்ல, விரலைப் பற்றி. கடற்கரை மணல் உடம்பு முழுவதையும் மெதுவாக, ஒரே சீராகத் தொடுகிறது. சிரிஞ்ச் அப்படியல்ல. பேட்ஜ் எல் பிளாக்குக்குப் பின்னால் பாதுகாப்பாக நிற்கும்போது விரல் முன்னால் போய் வேலை செய்கிறது.

ஒரு நாட்டுக்கணக்கு போடலாம். 10 மில்லிகியூரி எஃப்டிஜி, எந்தத் தடுப்பும் இல்லை. ஒரு மீட்டர் தள்ளி நின்றால் மணிக்கு ஏறக்குறைய 50 மைக்ரோசீவெர்ட் (ஆயிரம் மைக்ரோ ஒரு மில்லி). பத்து சென்டிமீட்டருக்கு வந்தால் தூரம் பத்தில் ஒன்று, வாங்கும் கதிர்வீச்சு டோஸ் நூறு மடங்கு, அதாவது மணிக்கு 5 மில்லிசீவெர்ட். மருந்து நிற்கும் இடத்திலேயே சிரிஞ்சைப் பிடித்தால், ஒரு சென்டிமீட்டர் என்று வை, மணிக்கு 500. நொடிக்கு வகுத்தால் 0.14. ஒரு ஊசிக்கு இருபது நொடி அப்படிப் பிடித்தால் 2.8 மில்லிசீவெர்ட். சருமத்துக்கும் கைக்கும் வருட வரம்பு 500. வகுத்துப் பார்த்தால் கிட்டத்தட்ட 180 பேஷண்ட். தினம் எட்டு என்றால் உங்கள் சென்டரில் ஒரு மாத வேலை.

வருட வரம்பு ஒரே மாதத்தில். மார்பு பேட்ஜ் அப்போதும் 0.2 என்று சமர்த்தாகச் சொல்லிக்கொண்டிருக்கும்.

சிரிஞ்ச் புள்ளி அல்ல, அதனால் இது தோராயம்தான். பிளாஸ்டிக் சுவரைத் தாண்டிக் கொஞ்சம் பாசிட்ரான்களும் (எஃப்டிஜி விடும் துகள்கள்) வரும் என்பதால் தொட்ட இடத்தில் நிஜ அளவு இதைவிடக் கூடவே செய்யும். இதே கணக்கில் ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. விரலை ஐந்து சென்டிமீட்டர் பின்னுக்கு, பிஸ்டன் பக்கம் நகர்த்தினால் டோஸ் இருபத்தைந்தில் ஒன்று. காசு செலவில்லை, யார் அனுமதியும் வேண்டாம்.


கொங்குப்பொண்ணு எழுதியது:

சார், படித்ததும் வயிற்றைக் கலக்கிவிட்டது. காற்றுக் குமிழியை வெளியேற்ற சிரிஞ்சை நிமிர்த்தி, இடது ஆள்காட்டி விரலால் அதன் நடுவில் தட்டுவேன். காலேஜில் சலைன் வைத்துக் கற்றுக்கொண்ட பழக்கம். தட்டிவிட்டு அதே இடத்தில் பிடித்துக்கொண்டேதான் ஊசியை மாட்டுவேன்.


அளவீடு எழுதியது:

உன் விரல் மட்டும் இல்லை, உலகம் முழுக்க அதே விரல்தான். ஐரோப்பாவில் 2008 முதல் 2011 வரை ஓராமெட் என்று ஒரு திட்டம் நடந்தது. நியூக்ளியர் மெடிசின் ஊழியர்களின் கையுறைக்குள் பல இடங்களில் சின்னச் சின்ன டிடெக்டர்களை ஒட்டி அளந்தார்கள். அதிகமாக வாங்குவது எழுதாத கையின் ஆள்காட்டி விரல் நுனி, கட்டைவிரல் நுனி. வலதுகைக்காரருக்கு இடது கை. வலது கை பிஸ்டனைத் தள்ளும், இடது கைதான் மருந்தைத் தாங்கும்.

அதனால் மோதிரம் வந்ததும் அதை எழுதாத கை ஆள்காட்டி விரலின் அடியில், டிடெக்டர் உள்ளங்கைப் பக்கம் பார்க்கும்படி, கையுறைக்குள் போடு. அழகுக்கு வெளிப்பக்கம் திருப்பிவிட்டால் பாதியைத் தவறவிடும். அந்த அளவை 6ஆல் பெருக்கினால் விரல் நுனி எவ்வளவு வாங்கியிருக்கும் என்று ஒரு மதிப்பு கிடைக்கும். மோதிரத்தில் வருடத்துக்கு 80 வந்தால் நிம்மதியாக இருக்காதே, நுனியில் 480.


வெறுங்கை_வேந்தன் எழுதியது:

சண்டைக்கு வரவில்லை, ஆனால் தாளில் கணக்குப் போடுபவர்கள் ஒரு தடவை கீமோ முடிந்த பேஷண்டின் நரம்பைத் தேடிப் பார்க்க வேண்டும். நூல் மாதிரி இருக்கும். ஷீல்டு போட்டால் ஊசிக்குள் ரத்தம் திரும்பி வருவது தெரியாது. நரம்பு நழுவி மருந்து தசைக்குள் போய்விட்டால் ஸ்கேனும் போச்சு, டோஸும் போச்சு, திட்டும் நமக்குத்தான். வேகம்தான் முதல் பாதுகாப்பு. "நேரம், தூரம், தடுப்பு" என்றுதானே பாடம், அதில் நேரம்தானே முதலில் வருகிறது?


ஆறுமணி_அரைஆயுள் எழுதியது:

வேந்தன், நீங்கள் சொல்லும் நரம்பு எனக்கும் தெரியும். அதற்காகத்தான் சூடான சிரிஞ்சை வைத்துக்கொண்டு நரம்பு தேடவே கூடாது என்கிறேன். பேஷண்ட் வந்ததும் முதலில் வீன்ஃப்ளான் (நரம்புக்குள் விட்டு வைக்கும் பிளாஸ்டிக் குழாய்) போடுங்கள். சலைன் விட்டு ஓடுகிறதா பாருங்கள். அரை மணி ஆனாலும் ஆகட்டும், அப்போது அறையில் ஒரு துளி கதிரியக்கம்கூட இல்லையே. பேச வேண்டியதெல்லாம், சர்க்கரை எவ்வளவு, எப்போது சாப்பிட்டீர்கள், பாத்ரூம் எங்கே, எல்லாம் அப்போதே பேசி முடியுங்கள். அப்புறம்தான் டோஸ் வர வேண்டும். த்ரீ-வேயில் (குழாய் முனையில் இருக்கும் மூன்று வழித் திருகு) மாட்டு, தள்ளு, சலைனால் அலசு, கிளம்பு. ரத்தம் திரும்புகிறதா என்று பார்க்கும் வேலையே இல்லை.

இன்னொன்று. எஃப்டிஜிக்கு ஐந்து மில்லிமீட்டர் டங்ஸ்டன் ஷீல்டு விரல் டோஸைப் பத்தில் ஒன்றாக்கும். டெக்னீஷியத்துக்கு இரண்டு மில்லிமீட்டரே நூறில் ஒன்றுக்குக் கொண்டுவரும். வெறுங்கையில் பத்து நொடி என்றால், ஷீல்டோடு நூறு நொடி எடுத்தால்தான் சமம். எவ்வளவு தடுமாறினாலும் நூறு நொடி ஆகுமா?

நான் மாறிய கதையையும் சொல்லிவிடுகிறேன். ஷீல்டை வீட்டுக்கா கொண்டுபோக முடியும்? மதியம் எல்லாரும் சாப்பிடப் போனதும் ஹாட் லேபில் உட்கார்ந்து வெறும் சலைனை வைத்து எடுப்பேன், மூடியைப் போடுவேன், கிடுக்கியால் தூக்குவேன், திரும்ப எடுப்பேன். முதல் வாரம் விரல் வலித்தது, எரிச்சல் வேறு. மூன்றாவது வாரம் ஷீல்டு இல்லாமல் சிரிஞ்சைப் பிடித்தால்தான் கைக்கு ஏதோ குறைவது மாதிரி இருந்தது.


வெறுங்கை_வேந்தன் எழுதியது:

வீன்ஃப்ளான் விஷயம் ஒத்துக்கொள்கிறேன். எங்கள் இடத்தில் "ஒரு பேஷண்டுக்கு ஒரு வீன்ஃப்ளானா, செலவு" என்று பட்டர்ஃப்ளை ஊசிதான் தருகிறார்கள். ஷீல்டு பற்றி யோசிக்கிறேன். யோசிக்கிறேன் என்றுதான் சொன்னேன்.


வார்டு_அக்கா எழுதியது:

ஊசிக்காரர்களே பேசிக்கொண்டிருக்கிறீர்கள், நானும் வருகிறேன். அயோடின் வார்டில் ஸ்டாஃப் நர்ஸ். எங்களுக்கு மருந்து கையில் இருக்கும் நேரம் குறைவு, மருந்தே மனிதனாக மாறி மூன்று நாள் அறைக்குள் நடமாடும்.

தைராய்டு புற்றுநோய்க்கு 100 மில்லிகியூரி அயோடின்-131 விழுங்கிய பேஷண்டிடமிருந்து ஒரு மீட்டரில் மணிக்கு 200 மைக்ரோசீவெர்ட்டுக்குக் கொஞ்சம் மேல் வரும். அது ஒரு மீட்டரில் 50க்குக் கீழே இறங்கினால்தான் வீட்டுக்கு விடுவோம். அதுவரை சாப்பாடு வாசலில், பேச்சு இன்டர்காமில், டிவி ரிமோட்டுக்கும் போனுக்கும் பாலிதீன் உறை. வியர்வை, எச்சில், சிறுநீர் எல்லாவற்றிலும் மருந்து வரும். கழிவறைத் தண்ணீர் தனித் தொட்டியில் நின்று சிதைந்த பிறகுதான் சாக்கடைக்குப் போகும்.

ஒரு ராத்திரி வயதான அம்மா ஒருவர் பாத்ரூம் வாசலில் விழுந்துவிட்டார். புதுப் பெண் ஒருத்தி டியூட்டியில் இருந்தாள். கேமராவில் பார்த்துக்கொண்டே கதவுக்கு வெளியே நின்று அழுகிறாள், உள்ளே போகப் பயம். நான் ஓடிப்போய்த் தூக்கினேன். கவுன், இரண்டு கையுறை, கால் உறை போட ஒரு நிமிடம், உள்ளே மூன்று நிமிடம். மறுநாள் எங்கள் ஆர்எஸ்ஓ கணக்குப் போட்டார். அரை மீட்டரில் மூன்று நிமிடம் என்றால் 40 மைக்ரோசீவெர்ட் சொச்சம், மார்பு எக்ஸ்ரே இரண்டு எடுத்த மாதிரி. இந்தக் கணக்கை யாராவது அந்தப் பெண்ணுக்கு முதல் நாளே சொல்லிக் கொடுத்திருந்தால் அவள் அழுதிருக்க மாட்டாள், அந்த அம்மா அவ்வளவு நேரம் தரையில் கிடந்திருக்க மாட்டார். "கிட்டப் போகாதே" என்று மட்டும் சொல்லிக்கொடுத்து வேலைக்கு விடுகிறார்கள். எவ்வளவு கிட்ட, எவ்வளவு நேரம் என்று சொல்வதில்லை. எனக்கு அதுதான் கோபம்.


தஞ்சை_நர்ஸ் எழுதியது:

அக்கா, அயோடின் நமக்குள்ளேயும் போகும் என்கிறார்களே? அப்புறம் இன்னொன்று, இங்கே கேட்கலாமா தெரியவில்லை. எனக்கு இது மூன்றாவது மாதம். இன்னும் ஆபீஸில் சொல்லவில்லை.


வார்டு_அக்கா எழுதியது:

கண்ணு, இன்றைக்கே சொல்லிவிடு. வாயால் மட்டும் சொல்லாதே, எழுதிக் கொடு. சொன்ன நாளிலிருந்து பிரசவம் வரை வயிற்றிலிருக்கும் பிள்ளைக்கு 1 மில்லிசீவெர்ட்டைத் தாண்டக்கூடாது என்பது விதி. அதை வைத்துத்தான் உனக்கு டியூட்டி மாற்ற வேண்டும். சொல்லாமல் இருந்தால் அந்தக் கணக்கே ஆரம்பிக்காது. அயோடின் வார்டில் இருந்தால் முதலில் அங்கிருந்து மாற்றச் சொல். மூன்றாம் மாத முடிவிலிருந்து பிள்ளையின் தைராய்டு அயோடினை இழுக்க ஆரம்பித்துவிடும்.

உள்ளே போகும் என்பது உண்மைதான். திரவ அயோடின் ஆவியாகும் குணம் உள்ளது. புட்டியைத் திறப்பது ஃப்யூம் ஹூடுக்குள்தான் நடக்க வேண்டும். கேப்ஸ்யூல் வந்த பிறகு அந்தத் தொல்லை நிறையக் குறைந்தது. எங்கள் இடத்தில் ஊழியர்களைக் கழுத்தில் கருவி வைத்து அளப்பார்கள். கேட்டு வாங்கிச் செய்துகொள்ள வேண்டிய விஷயம்.


அளவீடு எழுதியது:

தஞ்சை நர்ஸ், அக்கா சொன்னதோடு ஒன்று. இதுவரை வந்த காலாண்டு ரிப்போர்ட் எல்லாவற்றையும் ஆர்எஸ்ஓவிடம் கேட்டு வாங்குங்கள். இதுவரை எவ்வளவு வாங்கியிருக்கிறீர்கள் என்று தெரிந்தாலே பாதி பயம் போகும். பெரும்பாலும் அது மிகச் சின்ன எண்ணாகத்தான் இருக்கும்.

பேட்ஜ் என்றதும் இன்னொரு விஷயம் ஞாபகம் வருகிறது. அந்தச் சின்ன உறைக்குள் மூன்று டெஃப்ளான் வட்டுகள், கால்சியம் சல்பேட்டில் டிஸ்ப்ரோசியம் கலந்தது. சூடாக்கினால் வாங்கிய டோஸுக்கு ஏற்ப ஒளிரும், அதை அளக்கிறார்கள். அதற்கு நீங்கள் யார் என்று தெரியாது, தான் இருந்த இடத்தைத்தான் சொல்லும். முன்பு ஒரு இடத்தில் ஒரு பையனுக்கு அளவு எக்கச்சக்கமாக வந்தது. விசாரித்தால், கோட்டைக் கழற்றி ஹாட் லேப் ஆணியில் மாட்டிவிட்டுப் போவானாம், பேட்ஜோடு. பக்கத்திலேயே கழிவு டப்பா. இதற்கு நேர்மாறான ஆட்களும் உண்டு. அளவு கூடினால் கேள்வி வருமென்று பேட்ஜை மேசை டிராயரில் வைத்துவிட்டு ஹாட் லேபுக்குப் போவார்கள். முதல் ஆள் எனக்குத் தலைவலி. இரண்டாவது ஆள் தனக்கே.


குமரிக்காரன் எழுதியது:

கையில் சிந்திவிட்டால் என்ன செய்வது? தேங்காய் நார் போட்டுத் தேய்த்தால் போகுமா?


ஆறுமணி_அரைஆயுள் எழுதியது:

நார் போட்டால் தோல் உரிந்து உள்ளே போகும், நல்ல யோசனை! வெதுவெதுப்பான தண்ணீர், சாதாரண சோப்பு, மெதுவாக. கழுவு, சர்வே மீட்டரில் (கதிரியக்கம் ஒட்டியிருக்கிறதா என்று காட்டும் கருவி) பார், திரும்பக் கழுவு. இரண்டு கையுறை போடச் சொல்வதே இதற்குத்தான். சிந்தினால் மேல் கையுறையை மட்டும் உருவிப் போட்டுவிட்டு வேலையைத் தொடரலாம்.

நான் சேர்ந்த புதிதில் டெக்னீஷியம் தரும் ஜெனரேட்டர் பெட்டியிலிருந்து அதை எடுக்கும்போது ஒரு துளி கையுறைக்கு மேலே, வாட்ச் பட்டையில் விழுந்தது. எனக்குத் தெரியவில்லை. சாயங்காலம் கிளம்பும்போது மீட்டர் முன்னால் கையை நீட்டினால் கத்துகிறது. கல்யாணத்துக்கு மாமனார் போட்ட வாட்ச். தூக்கிப் போடவும் முடியாது, கட்டிக்கொண்டு போகவும் முடியாது. அப்போதைய ஆர்எஸ்ஓ சார் சிரித்துக்கொண்டே ஒரு கவரில் போட்டு, தேதியும் நேரமும் எழுதி, ஈயப் பெட்டிக்குள் வைத்தார். டெக்னீஷியத்துக்கு அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறைய ஆகும் நேரம், ஆறு மணி நேரம், பத்து அரை ஆயுள் கடந்தால் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மிச்சம். திங்கள் சாயங்காலம் கழற்றிய வாட்ச்சை வியாழன் காலையில் அளந்து பார்த்துவிட்டுக் கட்டிக்கொண்டேன். என் பெயர் அங்கிருந்து வந்ததுதான். அன்றிலிருந்து ஹாட் லேபுக்கு வாட்ச் கட்டிக்கொண்டு போனதில்லை. அதுவே அயோடினாக இருந்திருந்தால் எட்டு நாள் அரை ஆயுள், எண்பது நாள் மாமனாருக்குப் பதில் சொல்லியிருக்க வேண்டும்.


மதுரை_லுட்டீசியம் எழுதியது:

தெரபி பக்கம், அதாவது கதிரியக்க மருந்தாலேயே சிகிச்சை செய்வதை, யாரும் தொடவில்லையே. லுட்டீசியம்-177 காமா குறைவு, மருந்தை டிரிப் மாதிரி தூரத்திலிருந்தே ஏற்றலாம், ஊழியருக்கு அவ்வளவு மோசமில்லை. ஏமாற்றுவது இட்ரியம்-90. அது சுத்த பீட்டா, அதாவது எலக்ட்ரான் துகள்கள். ஈயத்தை நேராகச் சுற்றினால் பீட்டா அதில் மோதி எக்ஸ்ரேயாகக் கிளம்பும். முதலில் ஒரு சென்டிமீட்டர் அக்ரிலிக், வேண்டுமானால் அதற்கு வெளியே ஈயம். ஈயம் என்றால் பாதுகாப்பு என்று கண்ணை மூடிக்கொண்டு நம்புகிற ஆட்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.


கொங்குப்பொண்ணு எழுதியது:

ஆறு வாரம் கழித்து வருகிறேன், இழை மூடவில்லை என்பதில் சந்தோஷம்.

மதியம் சலைன் வைத்துப் பழகினேன். ஷீல்டோடு முதல் நாள் 52 நொடி. போன வாரம் 19. குமிழியைத் தட்டுவதை விட்டுவிட்டேன். சிரிஞ்சைச் சாய்த்து பிஸ்டனைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துத் தள்ளினாலே போய்விடுகிறது. அண்ணா இன்னும் வெறுங்கைதான். ஆனால் வீன்ஃப்ளான் முதலில் போடுவதை மட்டும் அவரும் செய்ய ஆரம்பித்துவிட்டார், நான் சொல்லித்தான் என்று ஒத்துக்கொள்ளாமல்.

மோதிர பேட்ஜ் கேட்டு மெயில் போட்டேன், மூன்று தடவை. இரண்டு வந்திருக்கிறது. என் விரலுக்கு லூஸ், மைக்ரோபோர் பிளாஸ்திரி சுற்றிப் போட்டிருக்கிறேன், உள்ளங்கைப் பக்கம் பார்க்கிற மாதிரி. அம்மா வீடியோ காலில் பார்த்துவிட்டு யார் போட்ட மோதிரம் என்று கேட்டார், விளக்கவே அரை மணி ஆயிற்று.

சார், ஒரு சந்தேகம். நேற்று கை கழுவ மோதிரத்தைக் கழற்றி எல் பிளாக்குக்கு உள்பக்கம், டோஸ் கேலிப்ரேட்டர் (மருந்தின் கதிரியக்கத்தை அளக்கும் கருவி) பக்கத்தில் வைத்துவிட்டேன். ஒரு மணி நேரம் அங்கேயே இருந்துவிட்டது. ரிப்போர்ட்டில் அதுவும் சேர்ந்து வருமா?


அளவீடு எழுதியது:

வரும். எந்தத் தேதி, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை, அப்போது அங்கே எவ்வளவு ஆக்டிவிட்டி இருந்தது, மூன்றையும் எழுதி இன்றைக்கே உங்கள் ஆர்எஸ்ஓவிடம் கொடு. மோதிரத்தை அனுப்பும்போது அந்தக் குறிப்பையும் சேர்த்து அனுப்பச் சொல். கை கழுவும்போது கழற்ற வேண்டாம், நனைந்தால் துடைத்துக்கொள்.